அக்கா வீட்டு வாசலில் மேசை போட்டது

கோபம் வந்தால் எனக்குக் கை முந்திக்கொள்ளும், வாய் அப்புறம்தான் வரும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. விழுப்புரத்துத் தச்சுப் பட்டறையில் என் உளியைக் கேட்காமல் எடுத்தவனின் சட்டையைக் கிழித்திருக்கிறேன். சைக்கிளை இடித்தவனின் மூக்கை உடைத்திருக்கிறேன். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வேன். எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் அக்கா வீட்டு வாசலில் ஒரு மேசையை நிறுத்தப் போய் நான் செய்த காரியத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவைத் திண்டிவனத்தில் ஒரு கொத்தனாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். நிலக்கடலை மூட்டைகள் வந்து இறங்குகிற மல்லாட்டை மண்டிக்குப் போகிற வழியில் வீடு. மூட்டை இறக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் பசியோடு அந்த வழியாகத்தான் போவார்கள். வாசலில் போண்டா, பஜ்ஜி போட்டு விற்கவேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் குறைவு. தனக்கென்று ஒரு வேலை, தன் கையில் நாலு காசு என்று பிடிவாதமாக இருந்தாள். அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் வைக்க ஒரு மேசை செய்து தரச்சொல்லிக் கடிதம் போட்டாள். “அழகா இல்லன்னாலும் பரவால்ல தம்பி. ஆடக்கூடாது. மேல கொதிக்கிற எண்ணெ இருக்கும்” என்று எழுதியிருந்தாள்.

அக்காவுக்குத் தம்பி செய்கிற சீர் அது. பூவரசில் கால், வேப்பம்பலகையில் மேல்பாகம். நான்கு கால்களையும் மூன்று தரம் அளந்து ஒரே உயரமாக அறுத்தேன். பட்டறையின் சிமெண்டுத் தரையில் அது அசையாமல் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மேலே போட்டுக் கட்டி, வேலைப் பையையும் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன்.

அக்கா வீட்டு வாசலில் மாமா கல் பாவியிருந்தார். குவாரியில் கழித்துப்போட்ட சப்பைக் கற்களை அடுக்கி, சந்துகளில் சிமெண்டு பூசிய தளம். மேசையை இறக்கி வைத்தேன். ஆடியது. ஒரு கால் விரற்கடை உயரத்தில் அந்தரத்தில் நின்றது.

மாமா வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். “இன்னா மச்சான், விழுப்புரத்துல மேசைக்கு மூணு காலுதானா?”

“காலு நாலும் ஒரே அளவு மாமா. நீங்க போட்ட தளம்தான் கோணலு.”

ஒரு கொத்தனாரிடம், அதுவும் அவர் வாசலிலேயே, அவர் போட்ட தளம் கோணல் என்று சொல்லக்கூடாது. தெரிந்துதான் சொன்னேன்.

“கோணலு இல்லடா, வாட்டம். மழத்தண்ணி ஊட்டுக்குள்ள வராம ரோட்டுக்கு ஓடணும்ல? அதுக்கு வாட்டம் குடுத்துக்கிறேன். மரம் அறுக்கறவனுக்கு இன்னா தெரியும்?”

அவர் சொன்னது நியாயம்தான். வாசல் தளத்துக்குச் சரிவு கொடுக்காதவன் கொத்தனாரே இல்லை. ஆனால் எனக்கு நியாயமா வேண்டியிருந்தது? பையிலிருந்து, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துக் கல்மேல் வைத்தேன். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. மண்டிக்குப் போகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, “வந்து பாருங்க, கொத்தனாரு வேலய” என்று காட்டினேன். அவர்கள் சிரித்தார்கள். மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

அதற்குள் அக்கா வெளியே வந்தாள். மேசையின் இரண்டு மூலைகளைப் பிடித்து, இருந்த இடத்திலேயே மெல்லத் திருப்பினாள். கால் வட்டம் திரும்புவதற்குள் நான்கு கால்களும் கல்லில் உட்கார்ந்தன. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை.

“நின்னுடுச்சி. சண்ட போட்டுக்கினு இல்லாம ரெண்டு பேரும் சாப்ட வாங்க” என்றாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். மேசை நின்றுவிட்டது, யார் பக்கம் தப்பு என்பது மட்டும் நிற்கவில்லை. நான் ரசமட்டத்தை மேசைமேல் வைத்தேன். ரோட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எண்ணெய் ஒரு பக்கமாக நிற்கும் என்று சொல்லி ரம்பத்தை எடுத்தேன்.

“வேணாம்டா, நல்லாதான் நிக்குது” என்று அக்கா கையைப் பிடித்தாள். உதறினேன்.

காலுக்கு அடியில் சக்கையாக மரத்துண்டு கொடுத்து, மட்டம் பார்த்து, அளந்து, கோடு போட்டு அறுக்கவேண்டும். பட்டறையில் எடுபிடி வேலைக்கு வந்தவனுக்குக்கூட அது தெரியும். நான் கண்மதிப்பில் வீட்டுப் பக்கத்து இரண்டு கால்களையும் அறுத்தேன். முன்னைவிட மோசமாக ஆடியது. இன்னொரு காலை அறுத்தேன். மறுபடியும் ஆடியது.

“அறு மச்சான், நல்லா அறு. மணையாக்கிடு. உங்கக்கா குந்திக்கினு போண்டா போடட்டும்!” என்று சொல்லி, மாமா காலால் ஓங்கி உதைத்தார். மேசை குப்புற விழுந்து வேப்பம்பலகை விரிசல் விட்டது.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் என் காதோடு அறைந்தார். நான் தோளைக் கடித்தேன். சுமை தூக்கிய உடம்பு அவருக்கு. ஒரே தள்ளில் கீழே சாய்த்து, பிடரியைப் பிடித்து என் நெற்றியைக் கல்லில் இரண்டு முறை மோதினார். புருவம் பிளந்தது. என் ரத்தம் அவர் கொடுத்த வாட்டத்தில் சரியாக ரோட்டைப் பார்த்து ஓடியது. கை துழாவியபோது கொட்டாப்புளி கிடைத்தது. உளியின் தலையில் அடிக்கிற கனத்த மரச்சுத்தி. திமிறி எழுந்து ஓங்கினேன். சும்மா மிரட்டத்தான் ஓங்கினேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் பொய். அவர் மண்டையை உடைக்கத்தான் ஓங்கினேன்.

அக்கா நடுவில் கையை நீட்டினாள்.

காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு கல்மேல் உட்கார்ந்தாள். மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மாமா ரிக்‌ஷா பிடித்து வந்தார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஏறவில்லை. “நீயே இட்டுக்கினு போ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா கையைப் பார்த்துவிட்டு, “எப்படிம்மா?” என்று கேட்டார்.

“தண்ணி கொட்டியிருந்திச்சிங்க. வழுக்கி உழுந்துட்டேன்.” யோசிக்காமல் சொன்னாள். குரலில் நடுக்கம்கூட இல்லை.

“போன மாசமும் வழுக்கி உழுந்துட்டேன்னுதான வந்த? காதுக்குப் பின்னால தையல் போட்டது நான்தான்” என்ற அந்தம்மா, ரத்தம் தோய்ந்த என் சட்டையைப் பார்த்தார். “நீதான் இவ புருசனா?”

“இல்லீங்க, தம்பி” என்றாள் அக்கா.

அவள் கூந்தலை ஒதுக்கிப் பார்த்தேன். தையல் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. மாமா ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்பதும், தனக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்று அவள் ஏன் அப்படித் துடித்தாள் என்பதும் அங்கேதான் எனக்கு விளங்கின. ஒருத்தனை அடிக்க என் ஆயுளில் முதன்முறையாக நியாயமான காரணம் கிடைத்தது. ஆனால் அவள் மாவு கரைக்கவேண்டிய கையை உடைத்தவன் நான். எந்த முகத்தோடு போய் அவரைக் கேட்பேன்? கட்டுப் போட்டு முடிகிறவரை அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் சொன்னபடியே, அவளை அந்த வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.