சியாமளா மேடம் கேட்ட வஞ்சிரம்

கேளம்பாக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டித் தரும் வச்சலாவுக்கு, சியாமளா மேடம் உள்ளே நுழைவதைப் பார்த்தாலே சலிப்புத் தட்டும். பக்கத்து அடுக்குமாடியில் குடியிருப்பவர். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்வார். துண்டு தடிமன் என்பார், அடுத்த வாரம் மெலிசு என்பார். ஆனாலும் வேறு யார் வெட்டினாலும் வாங்கமாட்டார்.

மீனவர் குப்பத்தில் பிறந்து வளர்ந்த வச்சலாவுக்குக் கத்தியைக் கண்டு பயமில்லை. பயமெல்லாம் பின்பக்கத்து ஃப்ரீசர் ரூமைப் பற்றித்தான். அதன் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. மேனேஜர் கிருபாகரனிடம் கேட்டால், "ஆளுக்குச் சொல்லிக்கீறேன், வந்துருவான்" என்பார். அதுவரை கதவுக்கு மீன் வரும் காலி பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போய்வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். வச்சலா இறால் எடுக்க உள்ளே போனாள். ஈரத் தரையில் கிரேட் வழுக்கி நகர, கதவு சாத்திக்கொண்டது. தட்டினாள், கத்தினாள். இயந்திர இரைச்சலில் வெளியே எதுவும் கேட்கவில்லை. விரல்கள் மரத்துப்போயின. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து உடம்பில் சுற்றிக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டிருந்தாள். மகள் அன்பரசியின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வெளியே சியாமளா வந்திருந்தார். வஞ்சிரம் வேண்டும், வச்சலா எங்கே என்றார்.

"சாப்பிடப் போயிருக்கும் மேடம், நான் வெட்டித் தரேன்" என்றான் கூட வேலை செய்யும் தீனா.

"மீன் பாதி அரிஞ்சபடி கிடக்கு, போனும் இங்கேயே இருக்கு. அப்படியே விட்டுட்டுப் போற பொண்ணு இல்ல அவ. தேடிப் பாருங்க. நான் நகரமாட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கிருபாகரன் வந்து சமாதானம் சொல்லிப் பார்த்தார். சியாமளா அசையவில்லை. எரிச்சலோடு பின்பக்கம் போன கிருபாகரன், விலகிக் கிடந்த கிரேட்டைக் கண்டதும் ஃப்ரீசர் கதவுக்கு ஓடினார்.

கதவு திறந்ததும் வச்சலா கால் மடங்கிச் சரிந்தாள். சியாமளா தன் துப்பட்டாவைப் போர்த்தி, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்கும் கூடவே போனார். இரண்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, மெல்ல ஆறின.

"உள்ள பெல்லு மாட்டுங்க, அப்பறம் வரேன்" என்று வச்சலா கிருபாகரனிடம் சொல்லிவிட்டாள். கைப்பிடியும் பெல்லும் வந்தன. இப்போது தினமும் கடை திறந்ததும் கிருபாகரனே உள்ளே நின்று இரண்டையும் சரிபார்க்கிறார்.

வேலைக்குத் திரும்பும் முன் வச்சலா சியாமளாவின் வீட்டுக்குப் போனாள்.

"உங்களப் பாத்தாலே எனக்குப் பேஜாரா இருக்கும் மேடம். அன்னிக்கு நீங்க அட்ஜஸ்ட் பண்ணிகினு போயிருந்தா, நான் இல்ல."

சியாமளா அடுக்களைக்குப் போனார். காபி போட்டார். வச்சலாவின் விரல்கள் இன்னும் சூடு தாங்காது என்று, கொடுத்த டம்ளரைத் திரும்ப வாங்கித் தானே ஆற்றிக்கொண்டிருந்தார்.