முகமூடிக்குள் வைத்த வார்த்தை

மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி பயிரிடும் குடும்பத்தில் பிறந்த வெண்மதிக்கு, ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுத யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் வசனத்தாள் தட்டச்சு செய்யப் போனவள், சத்தத்தை அணைத்துவிட்டு உதடுகளை மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகினாள். உதடு ஒட்டுகிற இடத்தில் பகரமோ மகரமோ விழ வேண்டும். வாய் இன்னும் அசையும்போது வசனம் முடிந்துவிடக் கூடாது. பறக்கிறவர்களும் மலையைத் தூக்குகிறவர்களும் அவள் எழுதிக் கொடுத்த தமிழைப் பேசினார்கள். முகமூடி போட்டவர் வந்தால் அவளுக்குக் கொண்டாட்டம். வாய்தான் தெரியாதே, என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம்.

அப்படித்தான் அந்தக் காட்சி வந்தது. இடிபாடுகளுக்கு நடுவே நாயகன் செத்துக் கிடக்கிறான். இரும்பு முகமூடி அணிந்த அவன் மனைவி பக்கத்தில் மண்டியிடுகிறாள். ஆங்கிலத்தில் பேச்சே இல்லை, விசும்பல் மட்டும். நம் ஜனம் இவ்வளவு நேரம் மௌனத்தைத் தாங்காது, ஏதாவது போட்டு நிரப்புங்கள் என்றார் டப்பிங் இயக்குநர் அருள்குமார். வெண்மதி யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதியது: "எந்திரிங்க. சோறு ஆறுது. வூட்டுக்குப் போலாம்."

அது அவள் அக்கா சசிகலா சொன்னது. போன வருஷம் பென்னாகரத்தில், கூடத்தில் கிடத்தியிருந்த கணவன் சின்னராஜின் தோளைத் தொட்டு, தினமும் எழுப்புவதுபோல மெதுவாகச் சொன்னது.

குரல் கொடுத்த பெண் மைக் முன்னாலேயே அழுதுவிட்டாள். தியேட்டரிலும் அழுதார்கள். வெண்மதிக்குப் பெருமையாக இருந்தது. அக்கா இந்தப் படத்தையெல்லாம் எங்கே பார்க்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அழுத ஜனம் ஒரே வாரத்தில் சிரிக்க ஆரம்பித்தது. அந்தக் குரலை மட்டும் வெட்டி எடுத்து, டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடப்பவன் வீடியோ மேல் ஒட்டிப் போனில் பரப்பினார்கள். டக் அவுட்டான பேட்ஸ்மேனுக்கு, பந்தியில் தூங்கும் தாய்மாமனுக்கு, எல்லாவற்றுக்கும் அதே குரல். வெண்மதி தங்கியிருந்த விடுதியில் பெண்கள் காலையில் ஒருத்தியை ஒருத்தி எழுப்புவதே அதைச் சொல்லித்தான். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள்.

சசிகலாவிடம் அது பால் சொசைட்டியில் போய்ச் சேர்ந்தது. வரிசையில் யாரோ போனில் ஓட்ட, எல்லோரும் சிரித்தார்களாம். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சாவு வீட்டில் அவளும் இருந்தவள். சசிகலா பாலை ஊற்றாமலே கேனோடு திரும்பிவிட்டாள் என்று வெண்மதிக்குப் போன் செய்து சொன்னவளும் அவள்தான்.

வெண்மதி மறுநாளே பஸ் ஏறினாள். ஊரே அழுதது மாமாவுக்காகத்தான் அக்கா என்று சொல்லலாமா என வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். தர்மபுரி தாண்டியதும் அது அவளுக்கே கூசியது.

சசிகலா மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தாள். திட்டவில்லை. நிமிராமலே கேட்டாள்.

"நான் அவரு பக்கத்துல உக்காந்திருந்தப்போ, நீதான மதி என் தோளப் புடிச்சிக்கிட்டு இருந்த. அப்பவே எடுத்து வெச்சிக்கிட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில், கண்ணீர் வழிய வழிய, இது நல்லா இருக்கே என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"ஆமாக்கா."

சசிகலா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்த் தங்கைக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். போதுமா என்று மட்டும் கேட்டாள். முன்பெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் மாட்டுக்காரன் முதல் மாமியார் வரை ஒருவரையும் விடாமல் பேசிக்காட்டுகிறவள் அவள்.

சொசைட்டிக்காரரோடு போட்ட சண்டையைச் சொல்லவென்று சிரித்துக்கொண்டே வந்தாள் காசியம்மாள். ஆரம்பித்தும் விட்டாள்.

"காசியக்கா," என்றாள் சசிகலா. "அப்பறம் பேசிக்கலாம். மதி இருக்கா."

வெண்மதி தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். அவள் வெளியே வந்த பிறகுதான் உள்ளே பேச்சு தொடங்கியது.