பத்து வரைக்கும் எண்ணு

லோறன்ஸ் வீதியில் பேருந்து சிவப்பு விளக்குக்கு நின்றால் நிலாணி இருபது நொடி பொறுப்பாள். அதற்கு மேல் அவளால் முடியாது. மணிக்கயிற்றை இழுத்து அடுத்த தரிப்பில் இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே போய்விடுவாள். பேருந்து அவளைக் கடக்கும்போது உள்ளே இருக்கும் என்னைப் பார்த்துக் கையசைப்பாள். பெரும்பாலும் நான்தான் முதலில் போய்ச் சேருவேன். அதைச் சொல்லிக் காட்டினால், “ஐ நோ அங்கிள். ஆனா நான் சும்மா இருக்கேல்லைத்தானே” என்பாள்.

வயது பத்தொன்பது. டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக்கட்டடத்தின் பதினோராம் தளத்தில் வீடு. லிஃப்ட் வரும்வரை நிற்கமாட்டாமல் படியால் ஓடி இறங்குகிறவள். அவளுடைய குளிர்கால ஜாக்கெட் மூடியிருந்து நான் பார்த்ததில்லை. மூடுவதற்கு ஓரிடத்தில் நிற்கவேண்டுமே. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறாள். சனிக்கிழமை காலையில் வோபர்னில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பொதி செய்கிறாள். கடையை நடத்தும் றோசலின் அன்ரிக்கு அவளால் ஒரே நேரத்தில் பெருமையும் தலையிடியும். “வேலைக்கு அவள் ஒண்டரை ஆள்தான். ஆனா சம்பல் வேணுமோ வேண்டாமோ எண்டு சனம் வாய் திறக்க முன்னம் பெட்டியை மூடிப்போடுவாள்” என்று என்னிடம் முறையிட்டிருக்கிறார்.

இப்படிப்பட்ட பெண் எதைப் பிடித்தாள் என்று பாருங்கள். பிரிட்ஜ். நான்கு பேர், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. சோடியிடம் என்ன சீட்டு இருக்கிறது என்று கேட்கக்கூடாது. கண் காட்டக்கூடாது, பெருமூச்சு விடக்கூடாது. வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாக யோசித்தால்கூட, அது சைகை என்று எதிராளி நடுவரைக் கூப்பிடலாம். எத்தனை பிடி, அதாவது எத்தனை சுற்று, வெல்வோம் என்று ஏலம் கேட்பதும் வாயால் அல்ல. அதற்கென்று இருக்கும் அட்டையை எடுத்து மேசையில் வைக்கவேண்டும். மூன்று மணி நேரம் இப்படியே போகும். எனக்கே பின்பக்கம் மரத்துப்போகும்.

பத்தாம் வகுப்பில் மதிய இடைவேளையில்தான் தொடங்கியதாம். “செஸ் போர்ட் எல்லாத்தையும் மற்றாக்கள் எடுத்திட்டாங்கள். மிச்சம் ஒரு காட்ஸ் பெட்டியும் மூண்டு பேரும்தான் இருந்தது. ஸோ, நான் நாலாவது ஆள்.” வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால் நாலாவது ஆளுக்குப் போக வேறு இடமிருக்கவில்லை. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் அடுத்த மாதமே கூடைப்பந்துக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவன் ஜோசுவா.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைகளில் எங்கள் பிரிட்ஜ் கழகம் கூடும். நானும் அங்கே ஆடுகிறவன். ஆடுகிறவன் என்ற சொல்லை என் சோடியாக இருந்தவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எழுபது வயதுக்குக் குறைந்தவர்கள் அங்கே அரிது. அந்தக் கூட்டத்துக்குள் இவர்கள் இரண்டு பேரும் நான்கு வருடத்துக்கு முன் வந்து புகுந்தார்கள். முதல் மாதம் எல்லோரும் அன்பாக இருந்தார்கள். இரண்டாம் மாதம் இவர்கள் வெல்லத் தொடங்கியதும் அந்த அன்பு கொஞ்சம் ஆறிப்போனது.

ஒருநாள் ஆட்டம் முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நிலாணி வந்தாள். வந்தவள் இருக்கவில்லை, என் கதிரையைச் சுற்றி நடந்தபடியே, “அங்கிள், ஏழாவது ஆட்டத்தில உங்கட்ட கிளப்ஸ் நாலு இருந்தது. மூண்டாவது தரம் அதைப் போட்டிருந்தா எங்களைத் தோக்கடிச்சிருப்பீங்கள்” என்றாள். என் கையில் என்ன இருந்தது என்று எனக்கே ஞாபகமில்லை. அன்றைக்கு விழுந்த இருபத்துநான்கு ஆட்டங்களின் சீட்டுகளையும் அவள் அப்படி ஒப்பிப்பாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

அவளுக்கு ஒரே ஒரு வியாதிதான். அது வீட்டிலிருந்து வந்தது.

தகப்பன் இரத்தினவேலுக்கு முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் பைத்தியம். ஞாயிறு பின்னேரம் என்றால் பதினோராம் தளத்தில் மேசை போட்டு மாமாமார் கூடிவிடுவார்கள். துரும்புச் சீட்டு விழுந்தால் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டுவார். அப்படி அறைந்து போடுவார்கள். மூக்கைச் சொறிந்து சோடிக்குச் சைகை காட்டுவதும், பிடிபட்டால் கள்ளன் என்று திட்டுவதும், திட்டு வாங்கியவர் விழுந்து விழுந்து சிரிப்பதும் அந்த விளையாட்டின் பாதி. நிலாணி நான்கு வயதில் அந்த மேசையில் ஏறினவள். பிரிட்ஜ் ஆட்டத்தை ஒருமுறை பார்க்க வந்த இரத்தினவேல், பத்து நிமிடம் பார்த்துவிட்டு மகளின் காதுக்குள், ஆனால் மண்டபத்துக்கே கேட்கும்படி, “பிள்ளை, உது காட்ஸோ சோதினையோ?” என்று கேட்டார். நடுவர் அவரை வெளியே அனுப்பினார்.

சத்தமும் சைகையும் அவளை விட்டுப் போய்விட்டன. போகாதது திசை. முந்நூற்றிநாலு வலப்பக்கமாகச் சுற்றும்; பிரிட்ஜ் இடப்பக்கமாகச் சுற்றும். பிரிட்ஜில் ஏலத்தை வென்று ஆடப்போகிறவருக்கு இடப்பக்கம் இருப்பவர்தான் முதல் சீட்டைப் போடவேண்டும். ஆனால் அவசரம் வந்தால் நிலாணியின் கை தகப்பனின் மேசைக்குப் போய்விடும். ஆடுகிறவருக்கு வலப்பக்கம் இருந்துகொண்டு, தன் முறை என்று நினைத்து, முதல் சீட்டைப் படீரென்று போட்டுவிடுவாள். முறை தப்பி விழுந்த சீட்டுக்குத் தண்டனை உண்டு. அந்த இனத்தையே, விழுந்தது ஹார்ட்ஸ் என்றால் ஹார்ட்ஸையே, சோடி முதலில் போடக்கூடாது என்று எதிராளி தடுக்கலாம். இதற்காகவே முதல் சீட்டைக் கவிழ்த்து வைத்து, கேள்வி இருக்கிறதா என்று சோடியிடம் கேட்டு, இல்லை என்றதும் திருப்பவேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கவிழ்த்து வைக்கிற பொறுமை அவளிடம் எங்கே இருந்தது?

போன வருடம் இருபத்தாறு வயதுக்குட்பட்டவர்களுக்கான நாட்டு அணித் தெரிவில் இதைத்தான் செய்தாள். கடைசிக்கு முதல் சுற்றில் முறை தப்பிய ஒரு சீட்டு. மூன்று சோடிகளுக்கு இடம். இவர்கள் ஆறாவதாக வந்தார்கள். ஜோசுவா சத்தம் போடுகிற பேர்வழி இல்லை. பெற்றோர் மன்னார்ப் பக்கம். வீட்டில் சீட்டு என்ற பேச்சே கிடையாது. எல்லாவற்றையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன். சட்டைக் கையை ஒரே அளவாக மடித்துவிடுகிறவன். அவன் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் சொன்னானாம்: “இன்னொருக்கா உப்பிடி நடந்தா நான் வேற பார்ட்னரைப் பாக்கிறன். ஐ மீன் இற்.”

இதை என்னிடம் சொன்னபோது நிலாணி தேவாலயப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். “தோக்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை அங்கிள். அவன் போயிட்டா, நான் என்ன யோசிக்கிறன் எண்டு ஒவ்வொருத்தருக்கும் பஸ்ட்டில இருந்து எக்ஸ்ப்ளெய்ன் பண்ணவேணும். அவனுக்குச் சொல்லவே தேவையில்லை.” இது காதலா என்று விசாரிக்கிற அன்ரிமார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இல்லை. அதைவிட அபூர்வமானது, எனக்கு இந்த வயதுவரை வாய்க்காதது.

ஜோசுவாவே ஒரு மருந்தும் சொன்னான். ஏலம் முடிந்ததும் இரண்டு கையையும் மடியில் வை. மனதுக்குள் பத்து வரைக்கும் எண்ணு. யார் ஆடுகிறார், யாருடைய முறை என்று பார். பிறகு சீட்டைத் தொடு.

ஒரு வருடம் அவள் எண்ணிப் பழகினாள். அது பார்க்கப் பாவமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. பேருந்து மணியை இழுக்க முன்னம் பத்து எண்ணினாள். இடியப்பப் பெட்டியை மூட முன்னம் பத்து எண்ணினாள். றோசலின் அன்ரி, “இப்ப அவள் அரை ஆளாப் போனாள்” என்று கவலைப்பட்டார். தகப்பனின் மேசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது, இரத்தினவேல் பயந்துபோய் அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். கழகத்தில் மட்டும் சரிவரவில்லை. அங்கே எங்களைப் போன்ற கிழடுகளை வெல்வதற்கு எண்ணத் தேவையில்லை. பழையபடி ஏலத்தின் சூடு ஆற முன்னம் சீட்டு விழும். “ட்ரயல்ஸில கட்டாயம் எண்ணுவன்” என்றாள்.

இந்த வருடத் தெரிவு சித்திரை மாதத்தில், கெனடி வீதிக்குக் கிட்ட ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. நான் தொண்டர் வேலைக்குப் போயிருந்தேன்: மேசை விரிப்பது, தண்ணீர் வைப்பது, முடிந்ததும் மேசை மடிப்பது. இரண்டு நாள் ஆட்டம். நிலாணி இடைவேளைகளில் மண்டபத்தைச் சுற்றி நடந்து தரைவிரிப்பைத் தேய்த்தாள். ஆனால் மேசையில் இருந்தால் கை மடிக்குப் போனது, உதடு மெல்ல அசைந்தது. ஒரு சீட்டுக்கூட முறை தப்பவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம், கடைசி ஆட்டம் மிஞ்சியிருக்க, அவர்கள் மூன்றாம் இடத்தில் இருந்தார்கள்.

நான் சுவரோரமாக நின்று பார்த்தேன். எதிராளி ஒட்டாவாவிலிருந்து வந்த, கண்ணாடி போட்ட ஒரு பெண். ஏலத்தில் ஜோசுவா ஹார்ட்ஸ் கேட்டான். அவள் அதற்கு மேலே போய் ஸ்பேட்ஸில் வென்றுவிட்டாள். பத்துப் பிடி எடுக்கவேண்டும். நிலாணி அவளுக்கு இடப்பக்கம் இருந்தாள். ஆகவே முதல் சீட்டு நிலாணியுடையது. அவள் கையில் ‘ஹார்ட்ஸ் ஐந்து’ என்ற சீட்டு இருந்தது. சோடி கேட்ட இனம், அதைத்தான் போடப் போகிறாள். ஜோசுவாவிடம் ஹார்ட்ஸ் ஏஸும் ராசாவும் இருந்தன. அந்த ஐந்து மேசையில் விழுந்தால் ஒட்டாவாப் பெண் ஒன்பது பிடிக்கு மேல் எடுக்கமாட்டாள்.

நிலாணி கையை மடியில் வைத்தாள். எண்ணத் தொடங்கினாள். உதடு ஒன்று என்றது, இரண்டு என்றது. ஏழு என்று அசைந்தபோது மேசையில் ஒரு சீட்டு கவிழ்ந்து விழுந்தது.

விழுந்தது ஜோசுவாவின் சீட்டு.

அவன் பிழை விட்டது ஏன் என்று பிறகு அவனே சொன்னான். நான்கு வருடமாக, முறை நிலாணியுடையது என்றால் சீட்டு உடனே வந்து விழும். அவளிடமிருந்து சத்தம் இல்லை என்றால் அது தன் முறை. எப்போதோ அப்படிப் பார்க்கப் பழகிவிட்டான், பழகினது தனக்கே தெரியாமல். இரண்டு நாளும் தன்னைப் பிடித்துவைத்து ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்தவன், கடைசி ஆட்டத்தில் களைத்துப்போய்ப் பழக்கத்துக்கு விட்டுவிட்டான்.

“எனி குவெஸ்சன்ஸ்?” என்று அவன் வழக்கப்படி கேட்டான். அந்த இடத்தில்கூட நிலாணி ஒரு சொல் சொல்லியிருந்தால் கவிழ்ந்த சீட்டைத் தண்டனையில்லாமல் எடுத்திருக்கலாம். அவள் அவனைப் பார்த்தாள். ஜோசுவா பிழை விடமாட்டான், ஆகவே திரும்பவும் திசை மாறிவிட்டது தனக்குத்தான் என்று அவள் நினைத்தாள். இல்லை என்று தலையாட்டினாள். அவன் திருப்பினான். ஹார்ட்ஸ் ராசா.

ஒட்டாவாப் பெண் அந்தச் சீட்டைப் பார்த்தாள், தன் இடப்பக்கத்தைப் பார்த்தாள், பிறகு கையை உயர்த்தினாள். நடுவர் வந்து சட்டத்தை வாசித்தார். அவள் மரியாதையாக, “ஹார்ட்ஸ் வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது அவளுடைய உரிமை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நிலாணி ஹார்ட்ஸ் ஐந்தை உள்ளே தள்ளிவிட்டு ஒரு கிளப்ஸைப் போட்டாள். ஒட்டாவாப் பெண் தோற்கவேண்டிய ஹார்ட்ஸையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுப் பத்துப் பிடியும் எடுத்தாள். முடிவுகள் சுவரில் ஒட்டப்பட்டபோது இவர்கள் நாலாவது. எனக்கு அழுகை வந்தது. தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி அதை மறைத்தேன்.

மண்டபம் வெறுமையானது. மற்ற மேசைகளையெல்லாம் மடித்துவிட்டேன். அவர்களுடைய மேசை மட்டும் நடுவில் நின்றது. ஜோசுவா தலையைக் குனிந்து தன் சட்டைக் கையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தான். கிட்டப் போனபோது அவன் பேசுவது கேட்டது.

“நீ எண்ணினனி. நான்தான் எண்ணேல்லை. போன வருசம் உனக்குச் சொன்னன்தானே... இப்ப நீ வேற ஆளைப் பார். பெஸ்ட் ஆக்கள் எல்லாரும் உன்னோட விளையாட வருவினம்.”

எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. ஹோட்டல்காரர் விளக்கை அணைக்கக் காத்திருந்தார். “தம்பி, எழும்புங்கோ, உதையும் மடிக்கவேணும்” என்றேன். ஜோசுவா உடனே எழுந்து கதிரையைத் தள்ளினான். நான் குனிந்து மேசைக்காலின் கொழுவியைத் தட்டி, பலகையைத் தூக்கப் பார்த்தேன். அது அசையவில்லை. நிமிர்ந்தேன். நிலாணி கதிரையை விட்டு எழும்பாமல், இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் விரித்து, தன் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டபடி ஜோசுவாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.