ஆம்பலில் மூன்று பள்ளம்

எனக்குப் பொறுமை கிடையாது. ஆராய்ச்சிக்கு வந்தவளுக்கு இது ஆகாது என்று என் கைடு மேடம் முதல் மாதமே சொல்லிவிட்டார்.

சுந்தரபாண்டியம் கண்மாயில் பறித்த ஆம்பலின் மகரந்தத்தை அன்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்கும் செடிகளின் வம்சத்தில் ஆம்பல் வெகு ஆதியில் பிரிந்த கிளை. அதன் மகரந்தத் துகளில் ஒரே ஒரு பள்ளம்தான் இருக்கும். பின்னால் வந்த பெருங்கூட்டத்துக்கு மூன்று. தாமரைக்கும் மூன்றுதான், குளத்தில் அருகருகே பூத்தாலும் இரண்டும் நெருங்கிய சொந்தமில்லை என்பதை அந்தத் துகள் காட்டிக்கொடுத்துவிடும். அன்று என் ஆம்பல் ஸ்லைடில் மூன்று பள்ளத்தோடு நீளநீளமாக நாலைந்து துகள்கள் கிடந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். ராஜபாளையம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கொட்டிவிட்டேன்.

ஞாயிறன்று சர்ச்சில் அம்மா எழுந்து சாட்சி சொன்னாள்.

"எம் மக ஆம்பல் பூவுல உலகத்துல யாரும் பாக்காத ஒண்ணைப் பாத்துட்டா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு என் கையைப் பிடித்தார்கள். நானும் கொடுத்தேன்.

மறுநாள், ஊரிலிருந்து திரும்பிய மேடம் லென்ஸில் கண்வைத்து ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். துறையே சுற்றி நின்றது. நான்தான் எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். நிமிர்ந்தவர் என் தலையைப் பார்த்தார்.

"லேபுக்கு தினமும் பூ வச்சுக்கிட்டா வாரே?"

என் சரத்திலிருந்து ஒரு கனகாம்பரத்தைப் பிய்த்து, அதன் மகரந்தத்தை வேறொரு ஸ்லைடில் வைத்துக் காட்டினார். அதே நீளத் துகள், அதே மூன்று பள்ளம். குனிந்து குனிந்து வேலை செய்ததில் என் தலையிலிருந்தே உதிர்ந்திருக்கிறது. யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்காதது அதைவிடக் கூசவைத்தது.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு காலை அம்மா கனகாம்பரச் சரத்தோடு வந்தபோது தலையை இழுத்துக்கொண்டேன். அப்புறம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அம்மா சரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"நாந்தானட்டி தினமும் பூ வச்சு அனுப்புதேன். எம் மேல தப்புன்னு நானே சர்ச்சுல சொல்லிருதேன்."

வேண்டாம்மா என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஸ்லைடை நினைத்தால் இப்போது சிரிப்புக்கூட வருகிறது. அந்த அப்பாடாவை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது.

சர்ச்சில் அம்மா எழுந்து நின்றாள். "தப்பு எம் மேலதான்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை.