கோகிலாவின் பெயரைத் தாண்டிப் போன பெரட்டு

கோகிலா பால் வெட்டிய ரப்பர் மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். பட்டை அளவாகச் சீவியிருக்கும், மரத்தில் காயம் இருக்காது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் பதினாறு வருடமாக வெட்டுகிறாள். அவள் வேலையைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்ததில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் நான். முறைப்பாடு எல்லாம் என்னிடம்தான் வரும், அதனால் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவளைப் போன பங்குனியில் ஒரு கடுதாசிகூடக் கொடுக்காமல் விரட்டினார்கள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆபீசில் புதிதாகப் பதிவு எடுத்தார்கள். கோகிலாவின் காம்பராவில் ஐந்து வருடமாக துஷ்யந்தி இருக்கிறாள். றக்வானப் பக்கத்துப் பெண், டவுனில் தையல் வேலை. லயத்தில் எல்லாரும் அவளைக் கோகிலாவின் சிநேகிதி, கூட்டாளி என்றுதான் சொல்வார்கள். தெரிந்தவர்களும் தெரியாத மாதிரி இருந்தார்கள். பெரிய கிளாக்கர் கணேசலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், பேனையும் கையுமாகக் கேட்டார்.

"இவ உமக்கு என்ன உறவு?"

"நாங்க ரெண்டு பேரும் சேந்து குடும்பம் நடத்துறோம். அப்படியே எழுதிக்கங்க ஐயா."

"பகிடி விடாதையும். சொந்தக்காரியோ, வாடகைக்கு இருக்கிறவோ?"

"ரெண்டும் இல்லைங்க. வெளியாளுன்னு எழுதுனா நாளைக்கு அவள காம்பராவ விட்டு எழுப்பிருவீங்க. அதான் உள்ளதச் சொல்றேன்."

பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்களுக்கு விடியற்காலையில் பெரட்டு. எல்லாரும் களத்தில் கூடி நிற்போம், கங்காணி பெயர் கூப்பிடுவார், "இருக்கேன்" என்று சொன்னவருக்குத்தான் அன்றைக்கு வேலை. மறுநாள் கங்காணி கோகிலாவின் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார். அவள் வாளியும் கத்தியுமாக நின்றாள்.

"என் பேரு, கங்காணி?"

"தொரை கூப்புட வேணாம்னுட்டாரு. என்னையக் கேக்காத."

பின்னால் நின்ற புஷ்பம், "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு லீவு போல" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள்.

"உன் மாப்பிள்ளைக்கு வருசம் முழுக்க லீவு, புஷ்பம். நான் எப்பயாச்சும் கேட்டேனா?"

இதற்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். ஆனால் பெயர் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

இங்கேதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். என்னிடம் வந்தவளிடம், "கொஞ்ச நாளு ஒன் அக்கா வீட்டுல போயி இரு, சூடு ஆறட்டும், நான் தொரைகிட்டப் பேசுறேன்" என்றேன். பெரட்டில் வந்து நிற்காதவர்களின் பெயரை, தானாக வேலையை விட்டுவிட்டார் என்று வெட்டிவிடுவார்கள். இருபது வருடம் சங்கத்தில் கிடந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். அவளைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்தை நடத்துகிற துரை முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கம். துரையிடம் நான் பேசவும் இல்லை.

பத்து நாள் கழித்து வந்தாள். கிளாக்கர் தயாராக இருந்தார்.

"ஒருத்தரும் உம்மை நிப்பாட்டேல்ல. நீராத்தான் வராமல் விட்டனீர். காம்பராவையும் மூண்டு மாதத்துக்குள்ள விடவேணும்."

வேலை போனால் வீடும் போகும். பிறந்த காம்பரா அது, அவள் அம்மா செத்ததும் அதில்தான்.

டவுனில் தொழில் அலுவலகத்துக்குப் போனோம். ஷஸ்னா என்று ஒரு அதிகாரி. நல்ல பிள்ளை, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கோகிலா எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டது.

"சாதி, மதம், மொழி, ஆண் பெண்ணுண்டு பாகுபாடு காட்டக் கூடாதுண்டு எழுதி இருக்கு. நீங்க சொல்ற விஷயத்துக்கு ஒரு வரி இல்ல. அதோட, தண்டனைச் சட்டத்துல அது இன்னும் குத்தம். காரணத்த எழுதினா உங்க மேலயே நீங்க எழுதிக் குடுத்த மாதிரி ஆகிரும்."

"எதுக்கு நிப்பாட்டுனாங்கன்னு சொல்லாம எப்படி மிஸ் நியாயம் கேக்குறது?"

ஷஸ்னா புதுத் தாள் ஒன்றை எடுத்தார். கடிதம் இல்லாமல் நிறுத்தினார்கள் என்று மட்டும் எழுதுங்கள், வேலைக்கு வந்து நின்றும் தரவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார்.

பஸ்ஸில் எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. திருடியவனுக்குக்கூட என்ன திருடினான் என்று விசாரணை இருக்கிறது. இவள் வாயைத் திறந்தால் இவள்தான் குற்றவாளி. அந்தச் சட்டத்தை எழுதினவன் வெள்ளைக்காரன். அவன் நட்ட மரத்தைக்கூட வெட்டிவிட்டு இரண்டு தரம் புதிதாக நட்டாகிவிட்டது. சட்டத்தை மட்டும் எடுக்க இவர்களுக்குக் கை வரவில்லை.

"நாளைக்குப் பெரட்டுக்கு வா" என்றேன்.

"நீங்கதான மாமா போகச் சொன்னீங்க."

"தப்புத்தான். வா."

ரப்பர் பால் குளிரில்தான் ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும், அன்றைய பால் போனதுதான். மறுநாள் கங்காணி கோகிலாவைத் தாண்டி என் பெயரைக் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"தலைவரே, பேரு கூப்புட்டாச்சு."

"அவ பேரக் கூப்புடு. அப்புறம் நான் இருக்கேன்."

அடுத்து புஷ்பத்தின் பெயர். அவள் வாளியைக் கீழே வைத்தாள். "எனக்கும் அப்புறம். இவளை எனக்குப் புடிக்காது, அது வேற. நாளைக்கு என் பேரத் தாண்டுனா எவன் கேப்பான்?"

பிறகு பத்துப் பதினைந்து பேர் வாளியை வைத்தார்கள். மற்றவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே பால் வெட்ட மலைக்குப் போனார்கள். வெயில் மரத்துக்கு நடுவில் இறங்கியபோது துரையின் ஜீப் வந்தது.

"மொகத கங்காணி?" என்ன விஷயம் என்று கேட்டார்.

கங்காணி சிங்களத்தில் சொன்னார். துரை வானத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். அவள் பக்கம் பார்க்கவே இல்லை. "கூப்பிடு, கூப்பிடு, பால் போகுது" என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பினார்.

"கோகிலா."

"இருக்கேன்."

இதை வெற்றி என்று சங்கத்தில் கைகொடுத்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. துரை கூப்பிடச் சொன்னது பாலுக்காக. இப்போது வைகாசி மழை. மழையில் பால் வெட்டு இல்லை, புல்லு வெட்டுத்தான், துரைக்கு அவசரமும் இல்லை. மழை நாளில் அவள் பெயரைத் தாண்டித்தான் போகிறார்கள். காம்பராவை விடச் சொன்னதையும் திரும்ப எடுக்கவில்லை. அவள் தானாக வேலையை விடவில்லை, போகச் சொன்னது நான்தான் என்று ஷஸ்னாவிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். விசாரணைக்கு இன்னும் நாள் வரவில்லை.

இன்றைக்கும் மழை. கோகிலா குடையோடு வந்து களத்தில் நின்றாள். பெயர் வரவில்லை. அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. புஷ்பமும் சொல்லவில்லை. கங்காணி புத்தகத்தை மூடிய பிறகும் மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.