மொறிஸ் மைனரும் அம்மாவின் முகமும்

காரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கார் சொன்ன சொல் கேட்டது. என்னைப் பாடாய்ப் படுத்தியது, படத்தில் காரின் முன்கதவில் கைவைத்துக்கொண்டு நின்ற அம்மாதான்.

அப்பா வாடகைக்கு ஓட்டிய மொறிஸ் மைனர் அது. வாங்கிய கிழமையே மாதா கோயில் வாசலில் நிறுத்தி, சுவாமியாரைக் கொண்டு மந்திரிப்பித்து, அந்தக் கையோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். காரின் முகப்பில் பூமாலை, பக்கத்தில் அம்மா. சில வருடங்களில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு எட்டு வயது. தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். பிறகு சண்டை வந்தது. வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், முகாமில் கிடந்து, திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் சுவர்கள்தான் இருந்தன. கலியாண ஆல்பம், அலுமாரி, கார் எல்லாம் போயிற்று. அப்பாவின் சட்டைப் பைக்குள் இருந்த இந்த ஒரு படம்தான் மிச்சம். அம்மாவுக்கு வேறு படமே கிடையாது.

அதிலும் முகம் இல்லை. ஒரு காது தெரியும், வகிடு தெரியும், கழுத்துச் சங்கிலி தெரியும். நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். வள்ளத்தில் போனபோது உப்புத்தண்ணீர் தின்றுவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

கனடாவில் இருக்கும் தம்பி ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னான். "அக்கா, நான் வாறதுக்குள்ள அந்தப் படத்தைத் திருத்தி வையுங்கோ. ஒருக்காலாவது அம்மாவைப் பாக்கவேணும்" என்றான். இதென்ன பெரிய வேலை என்று ஒத்துக்கொண்டேன். மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட நான் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, அடையாள அட்டைப் படம் எல்லாம் செய்வேன். கலியாணத் தரகருக்குக் கொடுக்கிற படங்களில் பருவை அழித்து நிறத்தைக் கூட்டுவதில் என்னை அடிக்க இந்தத் தீவில் ஆளில்லை. அந்தத் திமிர்தான்.

படத்தை ஸ்கான் செய்து காரில் தொடங்கினேன். ஒரு பக்க விளக்கு உப்புக் கறையில் மறைந்திருந்தது. மற்றப் பக்கத்து விளக்கைப் பிரதி எடுத்துத் திருப்பிப் பொருத்தினேன். சில்லு, கண்ணாடி, முன் வலைத்தகடு எல்லாவற்றுக்கும் இணையத்தில் எத்தனையோ மொறிஸ் மைனர்கள் இருந்தன. பார்த்துப் பார்த்து நிரப்பினேன். சோளகக் காற்று கடைக்குள் மண்ணை அள்ளிக் கொட்டியது, இடையிடையே கரண்ட் போனது, சேமிக்காத வேலையெல்லாம் தொலைந்தது. திட்டித் திட்டித்தான் செய்தேன். ஆனாலும் கார் வந்துவிட்டது. நேற்றுக் கழுவி நிறுத்தியதுபோல நின்றது.

அம்மாவைப் போல வேறொருவர் இணையத்தில் இல்லையே. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். முதலில் ஒரு வெள்ளைக்காரியைத் தந்தது. இலங்கைத் தமிழ்ப் பெண் என்று எழுதிக் கொடுத்தால் பெரிய பொட்டும் மூக்குத்தியும் போட்டுவிட்டது. எங்கள் அம்மா பொட்டு வைத்த ஆளே இல்லை. கத்தோலிக்கப் பெண் என்று சேர்த்தேன், கன்னியாஸ்திரியாக்கி முக்காடு போட்டது. ஆத்திரத்தில் விசைப்பலகையில் குத்தினேன். போட்டோகொப்பிக்கு நின்ற மனிசன் பயந்து ஒதுங்கினார்.

இதற்கிடையில் அப்பா வேறு தினமும் கடைக்கு நடந்து வந்து, "படத்தைத் தாவன் பிள்ளை" என்று நச்சரித்தார். காரைப் பார்க்கத்தான் துடிக்கிறார் என்று நினைத்தேன். "முடியட்டும், தாறன். அவசரப்படுத்தாதேங்கோ" என்று எரிந்து விழுந்தேன்.

கடைசியில் என் பழைய அடையாள அட்டைப் படத்தையும் தம்பியின் படத்தையும் கொடுத்து, இவர்களுடைய தாய் என்றேன். ஒரு முகம் வந்தது. எங்கள் வீட்டு ஆள்தான். மூக்கு எங்கள் மூக்கு. ஆனால் அம்மா இல்லை. எது பிழை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அதில்தான் இன்னும் விசர் பிடித்தது. கண்ணை ஒடுக்கினேன், நாடியை நீட்டினேன், உதட்டை மாற்றினேன். கிழமைக்கணக்கில் அந்த முகத்தோடுதான் இருந்தேன்.

பொறுமையில்லாமல் தம்பி கேட்டுக்கொண்டிருந்ததால் அதை அனுப்பிவிட்டேன். உடனே அழைத்தான். அழுகிறான். "அம்மா இவ்வளவு வடிவே அக்கா?"

"அது அம்மா இல்லையடா. மெசின் போட்ட முகம். இன்னும் சரிவரேல்லை."

"நீங்கள் பாத்தனீங்கள், அதால சொல்லுறியள். எனக்கு ஒரு முகமும் இல்லையே. இது எனக்குக் காணும், வேற வேண்டாம்."

அழைப்பை வைத்துவிட்டு மறுபடியும் அந்த முகத்தைத் திறந்தேன்.

எது பிழை என்று சொல்லக்கூடியவர் அப்பா ஒருவர்தான். அடுத்த நாள் அவர் வந்ததும் கதிரையில் இருத்தி, அச்சடித்த புதுப் படத்தைக் கையில் கொடுத்தேன். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அச்சொட்டா இருக்கு" என்றார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"இது ஆர், பக்கத்தில?"

"அம்மாவப்பா. எது சரியில்லையெண்டு சொல்லுங்கோவன். மூக்கோ, நாடியோ?"

அவர் புதுப் படத்தை வைத்துவிட்டு மேசையில் கிடந்த பழைய படத்தை எடுத்தார். இரண்டு விரலை அந்த வெள்ளை வட்டத்தில் வைத்தார், பிறகு விரல்களை உதட்டில் ஒற்றிக்கொண்டார். கோயிலில் மாதா சுருவத்தின் பாதத்தைத் தொட்டு முத்தி செய்வோமே, அப்படி. யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. கை பழகியிருந்தது.

வட்டம் அவருடைய விரல்களின் அளவுதான் இருந்தது. உப்புத்தண்ணீரும் இல்லை, ஒன்றும் இல்லை. கிறீசும் எண்ணெயும் படிந்த அந்தக் கை, அம்மா போன நாளிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் தொட்டுத் தொட்டுத் தேய்த்திருக்கிறது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்பா, நீங்களே அழிச்சுப்போட்டீங்களே! எங்களுக்கு இருந்ததே இந்த ஒண்டுதானே!" கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அழிஞ்சு போச்சே? எனக்குத் தெரியுது பிள்ளை."

படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அவரோடு எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. தம்பி அந்தப் புது முகத்தைத் தன் கைப்பேசியில் வைத்திருக்கிறான். பெரிதாக அச்சடித்துத் தரச் சொல்கிறான், அடித்துக் கொடுக்கத்தான் போகிறேன். எட்டு வயதுவரை பார்த்த ஒரு முகம் எனக்குள் இருந்தது. அதை வைத்துத்தான் இது அம்மா இல்லை, இது அம்மா இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். இப்போது கண்ணை மூடினால் அது வருவதில்லை. நான் நாடியை நீட்டி உதட்டை மாற்றிய முகம்தான் வருகிறது.