மூன்று விரல் காட்டிய குற்றம்

நான் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாள், தையல்காரி ஒரு கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துணியில் இழை ஓட்டம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமனார் பக்கவாதத்தில் படுத்தவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்று முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

தையல்காரி யாரையும் நம்ப மாட்டாள். துணிக்கடையில் அளந்து கொடுத்ததை வீட்டில் மறுபடி அளப்பாள். நான் மாத்திரை கொடுத்த பிறகு காலி அட்டையை எண்ணுவாள். எனக்கு அதில் கோபமில்லை. எண்ணாத வீட்டில்தான் மாத்திரை தவறும்.

கடிதம் அவள் கணவனிடமிருந்து வந்தது. லாரி ஓட்டுநர். குடித்துவிட்டு ஓட்டி, சைக்கிளில் போனவர் மேல் ஏற்றிவிட்டார். அந்த மனிதர் பிழைக்கவில்லை. ஐந்து வருடத் தண்டனையில் இன்னும் இரண்டு பாக்கி. வாரம் ஒரு கடிதம், சிறையில் பிரித்துப் பார்த்து முத்திரை குத்தி வரும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பத்து நிமிடம் வீடியோ அழைப்பு, பின்னால் வார்டர் நிற்பார்.

"இது அவர் கையெழுத்தே இல்லம்மா. மூணு மாசமா இப்படித்தான் வருது. முத்து முத்தா, கல்யாணப் பத்திரிகை மாதிரி."

"யாரையாவது எழுதச் சொல்லியிருப்பாரு."

"எதுக்கு? கை இருக்குல்ல?"

அடுத்த அழைப்பில் நேராகவே கேட்டாள். கை வலி என்றார் கணவர். கூட இருக்கும் வாத்தியார் ஒருவர் எழுதித் தருகிறாராம்.

"கையைக் காட்டுங்க."

காட்டினார். விரல்களை மடக்கி விரித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வீக்கமில்லை, நடுக்கமில்லை. நல்ல கை.

அழைப்பு முடிந்ததும் அவள் மெஷினில் உட்கார்ந்தாள், மிதிக்கவில்லை. "நல்ல கையை வச்சுக்கிட்டு வலிங்கறாரு. அடிச்சுட்டாங்களா? இல்ல, என்னை வெட்டிவிடப் போறாரா? அதுக்குத்தான் வாத்தியாரை வச்சு எழுதிப் பழகுறாரோ என்னவோ. அந்த வாத்தியார் எதுக்கு உள்ள போனாரோ, யாருக்குத் தெரியும்!"

அவர் பொய் சொல்கிறார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எதற்கு என்றுதான் பிடிபடவில்லை.

பதினைந்து நாள் கழித்துப் பிடிபட்டது. அன்று பெரியவரைக் குளியலறையில் நாற்காலியில் வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் அவள் ஃபோனைக் கட்டில் பக்கம் திருப்பி, கணவருக்கு அவர் அப்பாவைக் காட்டுவது வழக்கம். அன்றும் பழக்க தோஷத்தில் திருப்பிவிட்டாள்.

"அப்பா முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கே. தூங்கட்டும், எழுப்பாத" என்றது ஃபோன்.

கட்டிலில் தலையணையும் ரப்பர் விரிப்பும்தான் இருந்தன.

அழைப்பு முடிந்து அவள் குளியலறை வாசலுக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "முன்னாடியே பதிவு பண்ணி வச்சதைப் போட்டு ஏமாத்துறாங்களாம்மா? ஆள் இருக்காரா, இல்லையா?"

"ஆள் இருக்காரு. சர்க்கரை உண்டா அவருக்கு?"

"ஆறு வருஷமா. லாரியில ஏறினா மாத்திரையை எங்க நினைச்சாரு?"

நான் பெரியவரின் தலையைத் துவட்டினேன். சந்தேகத்தைச் சொல்லிவிட்டுச் சோதிக்கக் கூடாது. சோதித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த அழைப்பில் அவள் தோளோரம் நின்று, ஃபோனுக்கு முன்னால் மூன்று விரலைக் காட்டினேன். கணவர் தன் பாட்டுக்குத் தண்ணீர் சரியாக வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் காட்டினேன். ஒன்று காட்டினேன். பேச்சு நிற்கவில்லை. எத்தனை விரல் என்று கேட்க வாய் திறப்பதற்குள் திரை முழுக்க வார்டரின் முகம்.

"யாரும்மா அது? என்ன சைகை?"

"கண் சோதனை சார்."

"போன மாசம் ஒரு வீட்டுல மூக்கைச் சொறிஞ்சாங்க. அது மூக்குச் சோதனையா?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. ரகசியச் சைகை காட்டியதாகப் பதிவேட்டில் எழுதி, ஒரு மாதம் வீடியோ கிடையாது என்றும் தகவல் வந்தது. தவறு என்னுடையதுதான். ஆஸ்பத்திரியில் விரல் காட்டினால் சோதனை. சிறையில் விரல் காட்டினால் சதி. முப்பது வருடப் பழக்கத்தில் அதை யோசிக்கவில்லை.

அவருக்குக் கண் தெரியவில்லை என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். சர்க்கரையில் கண்ணுக்குள் இரத்தம் கசியும், ஒவ்வொரு வாரமும் முக்கியம், விட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்றேன்.

"வாரக் கணக்குன்னு சொல்றீங்க, ஒரு மாசத்துக்கு வாயை அடைச்சுட்டு வந்து நிக்கிறீங்களே!" என்று கத்தினாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "அப்போ நான் எழுதினதையெல்லாம் அந்த வாத்தியாரா வாசிச்சாரு?"

என்ன எழுதியிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் முகம் காது வரை சிவந்திருந்தது.

அன்றைக்கே சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதினோம். நான் சொல்ல அவள் எழுதினாள். ஆறு வருடச் சர்க்கரை, கையெழுத்து நின்ற மாதம், காலிக் கட்டில், மூன்று விரல். 'தங்கள் வார்டர் பதிவு செய்த சைகை இதுவே. கைதி அதற்குப் பதில் காட்டினாரா என்று அந்த வார்டரையே விசாரிக்கவும்' என்று முடித்தோம். பதிவுத் தபாலில் ஒரு பிரதி போனது. தபாலையும் நம்பாமல், இன்னொரு பிரதியைச் சிறை வாசலில் நேரில் கொடுத்து, முத்திரை வாங்கி, அது சரியான முத்திரைதானா என்று இரண்டு பேரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் வாத்தியார் கையெழுத்தில் கடிதம் வந்தது. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்களாம். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் ஊசி போட்டிருக்கிறார்கள், தேறுமா என்று இனிமேல்தான் தெரியும். கடைசியில், 'கண் இல்லாத லாரிக்காரனை நீ வைத்துக்கொள்வாயா என்ற பயத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன்' என்று இருந்தது.

அந்த வரியை நான்கு தடவை படித்தாள். "இது இவர் சொன்னதா, வாத்தியார் சேர்த்ததா?"

ஒரு மாதம் முடிந்து அழைப்பு வந்தது. அதே வார்டர். "விரலெல்லாம் வேண்டாம்மா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கணவர் திரைக்கு மிக அருகே வந்து, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"கழுத்துல இஞ்சு டேப் ஒரு பக்கமா நழுவிக் கிடக்கு பாரு" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். நழுவித்தான் கிடந்தது. இழுத்துச் சரிசெய்தாள். கண் கலங்கியதைத் துடைத்துக்கொண்டே, "பக்கத்துல யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

"யாரும் இல்ல. வார்டர் சார்தான் நிக்கிறாரு."

"அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

வார்டர் முணுமுணுத்துக்கொண்டே தள்ளி நின்றார். அவள் ஃபோனைக் கட்டில் பக்கம் திருப்பினாள். "இப்போ சொல்லுங்க. யாரு இருக்கா?"

"அப்பா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தலைமாட்டுல ஒரு அம்மா நிக்கிறாங்க. அந்த மூணு விரல் அம்மாதானே?"